பயன்படுத்திய பொருட்களுக்கான இணையச் சந்தை

பயன்படுத்திய பொருட்களுக்கான இணையச் சந்தை என்பது, தேவையற்றுப் போன வீட்டுப் பொருட்களை உரிமையாளரே விளம்பரப்படுத்தி விற்க உதவும் இணையத்தளம் ஆகும். சென்னையில் 1985 ஆம் ஆண்டு தீக்கிரையான மூர் சந்தை, இத்தகைய பொருட்களுக்குப் பெயர்பெற்ற நேரடிச் சந்தையாக விளங்கியது.

வரலாறு

இந்தியாவில் 2000 இல் தொடங்கப்பட்ட பாஸீ.காம் ஏல முறையில் இயங்கியது. அதனை 2004 இல் ஈபே வாங்கியது. ஈபேயின் இந்தியத் தளம் 2018 இல் மூடப்பட்டது. 2006 இல் உருவான ஓஎல்எக்ஸ், 2008 இல் தொடங்கிய குயிக்கர் ஆகியவை ஏலத்தை விடுத்து, ஊர்வாரியான வரி விளம்பர முறையைப் பின்பற்றின. இந்திய ஓஎல்எக்ஸ் விளம்பரத் தளத்தை 2023 இல் கார்டிரேடு டெக் நிறுவனம் வாங்கியது.

செயற்பாடு

விற்பவர் பொருளின் ஒளிப்படம், விலை, இடம் ஆகியவற்றைப் பதிவு செய்கிறார். வாங்குபவர் நேரில் பார்த்துப் பேரம் பேசி எடுத்துச் செல்கிறார். கட்டில், பீரோ முதலிய பெரிய பொருட்களை வெளியூருக்கு அனுப்பும் செலவு அவற்றின் விலையையே மிஞ்சக்கூடும் என்பதால், அவற்றுக்கு இம்முறை ஏற்றதாகும்.

மோசடிகள்

வாங்குபவர் போல் நடிப்போர், பணம் அனுப்புவதாகக் கூறிக் கியூஆர் குறியீட்டை அனுப்பி, விற்பவரின் பணத்தைப் பறிப்பதுண்டு. யூபிஐ முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. அக்குறியீட்டை வருடி எண்ணை இட்டால், இட்டவரின் கணக்கிலிருந்தே பணம் கழியும்.