லென்ஸா, ஆடியா? ஒரு பழைய வழக்கு



போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், பொண்ணு ஏழாவது படிக்கிறா. டெலஸ்கோப் வேணும்னு ஒரே அடம். லென்ஸ் வச்சது வாங்கட்டுமா, கண்ணாடி வச்சது வாங்கட்டுமா?" அரை மணி நேரம் பேசியும் நான் பதிலுக்கு வந்து சேரவில்லை. "எழுதிப் போட்டுடுங்க சார், எல்லாரும் படிப்போம்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் என் கதை ஒன்று. 1986ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்த சமயம், பள்ளிக்கு ஒரு சின்ன லென்ஸ் தொலைநோக்கி வாங்கினோம். 60 மி.மீ. அகலம், பெட்டியின் மேல் '450 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வால்நட்சத்திரம் அதில் பஞ்சுத் துணுக்கு மாதிரித்தான் தெரிந்தது. நிலாவைக் காட்டியபோது ஒரு பையன், "சார், ஓரத்துல ஊதாவா ஒரு கோடு தெரியுதே, அது என்ன?" என்று கேட்டான். "அது நம்ம காற்று மண்டலத்தால வர்றது" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். காலையில்தான் முப்பட்டகம் நடத்திவிட்டு வந்திருந்தேன்!

அந்த ஊதாக் கோட்டில்தான் இந்த வழக்கே தொடங்குகிறது. லென்ஸின் ஓரம் ஒரு முப்பட்டகம் போலத்தான். நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கும். எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவியாது. இதுதான் நிறப்பிறழ்ச்சி. லென்ஸின் வளைவைக் குறைத்துக் குழாயை நீட்டினால் கோளாறு குறையும் என்று கண்டார்கள். நீட்டினார்கள், நீட்டினார்கள், டான்சிக் நகரத்து ஹெவேலியஸ் 150 அடிக்குக் கொண்டுபோய்விட்டார். கம்பம் நட்டு, கயிறும் கப்பியும் வைத்துத் தூக்கிக் கட்ட வேண்டும். காற்றடித்தால் தொலைநோக்கியும் ஆடும், வானமும் ஆடும்.

நியூட்டன் வேறு வழி பிடித்தார். ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளி நிறம் பிரிவதில்லை. அப்படியானால் லென்ஸுக்குப் பதில் குழியாடி. 1668ல் அவர் கையாலேயே செய்த முதல் கருவி சுமார் 6 அங்குல நீளம்தான். ஆடியின் அகலம் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். 1671 கடைசியில் லண்டன் ராயல் சொசைட்டியில் அவருடைய இரண்டாவது கருவியைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அடுத்த மாதமே அவரை உறுப்பினராக்கிக்கொண்டார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்லது. லென்ஸில் நிறக்கோளாறைப் போக்கவே முடியாது என்றும் அவர் முடிவு கட்டினார். அது தவறு. ஆனால் சொன்னவர் நியூட்டன். யார் எதிர்த்துப் பேசுவது?

பேசாமல் செய்து பார்த்தவர் ஒருவர் உண்டு. செஸ்டர் மூர் ஹால், தொழிலால் வழக்கறிஞர். 1730களில், இரண்டு வகைக் கண்ணாடியில் ஒரு குவிலென்ஸும் ஒரு குழிலென்ஸும் செய்து சேர்த்து வைத்தால் ஒன்றின் நிறப்பிரிவை மற்றது சரிக்கட்டும் என்று கண்டுகொண்டார். ரகசியம் வெளியே போகக் கூடாது என்று இரண்டு லென்ஸையும் வெவ்வேறு கடையில் செய்யச் சொன்னார். இரண்டு கடைக்காரர்களும் வேலையை ஒரே ஆளிடம், ஜார்ஜ் பாஸ் என்பவரிடம், கொடுத்தார்கள்! இரண்டும் ஒருவருக்கே என்று அவருக்குப் புரிந்துபோனது. நம் ஊர் நகைப் பட்டறையிலும் இதுதானே நடக்கும்.

ஹால் அதை ஊரறியச் சொல்லவில்லை. பிறகு கணித மேதை ஆய்லர், 'நம் கண்ணில் நிறக்கோளாறு இல்லையே, அப்படியானால் லென்ஸிலும் நீக்க முடியும்' என்று வாதாடினார். வேடிக்கை என்னவென்றால், கண்ணிலும் அந்தக் கோளாறு உண்டு. காரணம் தப்பு, விடை சரி. நான் அரை மதிப்பெண் போட்டிருப்பேன். அவரை எதிர்த்து நியூட்டன் பக்கம் நின்றவர் ஜான் டாலண்ட், நெசவுத் தொழிலிலிருந்து கண்ணாடித் தொழிலுக்கு வந்தவர். ஆனால் பின்னால் அவரே சோதனை செய்து பார்த்தார், நியூட்டன் சொன்னது நிற்கவில்லை. மனிதர் கட்சி மாறினார். 1758ல் இரட்டை லென்ஸுக்குக் காப்புரிமையும் வாங்கினார். அவர் இறந்தபின் மகன் பீட்டர் மற்ற கடைக்காரர்கள் மேல் வழக்குப் போட்டார். 'ஹால் முன்பே செய்துவிட்டாரே' என்று அவர்கள் சொன்னார்கள். செய்து பெட்டிக்குள் பூட்டி வைத்தவருக்கு உரிமை இல்லை, உலகத்துக்குக் கொண்டுவந்தவருக்கே உரிமை என்று தீர்ப்பானது. எனக்கு இன்றுவரை ஹால் மேல் கொஞ்சம் பரிதாபம்தான்.

அதற்காக லென்ஸ் உடனே ஜெயித்துவிடவில்லை. கீறலும் குமிழும் இல்லாத பெரிய கண்ணாடி வார்க்க யாருக்கும் தெரியவில்லை. அந்த இடைவெளியில் வந்தவர் வில்லியம் ஹெர்ஷல், இங்கிலாந்தின் பாத் நகரத்தில் இசை சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். கடையில் கேட்ட விலை கட்டாது என்று வீட்டிலேயே ஆடி தேய்க்க ஆரம்பித்தார். ஒரு ஆடிக்கு 16 மணி நேரம் கையெடுக்காமல் தேய்த்தபோது தங்கை கரோலின் அவர் வாயில் சோறு ஊட்டியிருக்கிறார். (இங்கிலாந்து வீட்டில் சோறு ஏது என்று கேட்காதீர்கள்.) 1781 மார்ச் 13 அன்று, 6.2 அங்குல ஆடியில், வீட்டுத் தோட்டத்திலிருந்து யுரேனஸைப் பார்த்தார்.

அந்த ஆடிகள் கண்ணாடி அல்ல. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். கேரளத்து ஆரன்முளைக் கண்ணாடி பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே ஜாதி. மெருகிட்ட அன்று பளபளக்கும், கொஞ்ச நாளில் மங்கும். புதிதாக இருக்கும்போதே விழும் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பும். இரண்டு ஆடியில் பட்டு வருவதற்குள் பாதிக்கும் கீழே. மறுபடி மெருகிட்டால் வளைவு கெடும். அதனால்தான் ஃப்ரான்ஹோஃபர் 1824ல் 9 அங்குலத்துக்கு மேல் அகலமான நல்ல லென்ஸ் செய்ததும் வானியலாளர்கள் லென்ஸ் பக்கம் சாய்ந்தார்கள்.

1850களில் கண்ணாடியில் வெள்ளி பூசும் வித்தை வந்தது. பாரிஸில் ஃபூக்கோ அதைத் தொலைநோக்கிக்குக் கொண்டுவந்தார். வெள்ளி மங்கினால் கழுவிவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம், அடியில் உள்ள வளைவு அப்படியே இருக்கும். லென்ஸோ தன் எடையிலேயே சிக்கிக்கொண்டது. ஒளி உள்ளே போக வேண்டுமே, விளிம்பில் மட்டும்தான் பிடிக்க முடியும். பெரிதானால் நடுவில் தொய்யும். 1897ல் அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் வைத்த 40 அங்குல லென்ஸ் தொலைநோக்கியை மிஞ்சி இன்றுவரை எந்த ஆய்வகத்திலும் பெரிய லென்ஸ் தொலைநோக்கி வேலை செய்ததில்லை. ஆடிக்கு முதுகு முழுக்க முட்டுக் கொடுக்கலாம். நம் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர். பத்தாம் வகுப்புச் சுற்றுலாவில் அங்கே வந்தவர்களுக்கு நினைவிருக்கும், பாதிப் பேர் பஸ்ஸில் தூங்கியது உட்பட.

வீட்டுக்கு வாங்குகிறவர்கள் நன்றி சொல்ல வேண்டியது ஜான் டாப்சனுக்கு. கலிபோர்னியாவில் வேதாந்த மடத்துத் துறவி. கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்வார். குழாய்க்கு அட்டை உருளை, தாங்கிக்கு ஒட்டுப்பலகைப் பெட்டி. தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போய் வருவோர் போவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டுவார். இதனால் மடத்தில் இல்லாமல் போகிறார் என்று 1967ல் வெளியேற்றிவிட்டார்கள். மனிதர் இன்னும் மும்முரமாகத் தெருவில் காட்டினார். தன் வடிவத்துக்குக் காப்புரிமையும் வாங்கவில்லை. இன்று கடையில் 'டாப்சோனியன்' என்று விற்பது அதுதான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன், அம்மா. ஒரே பணத்துக்கு ஆடி வகையில் அகலம் அதிகம் கிடைக்கும். 150 மி.மீ. ஆடி, 70 மி.மீ. லென்ஸைப் போல நாலரை மடங்கு ஒளி வாங்கும். மாடிக்குத் தூக்கிப்போக நீயோ மாப்பிள்ளையோ தயார் என்றால் 5 அல்லது 6 அங்குல டாப்சோனியன் வாங்கு. அதில் படம் தலைகீழாகத் தெரியும், வானத்துக்கு அது குறையில்லை. ஆடிகள் இடம் பிசகினால் திருகைத் திருப்பி நேர்ப்படுத்தவும் பழக வேண்டும். யாரும் தூக்க மாட்டார்கள், பாப்பாவே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் 70, 80 மி.மீ. லென்ஸ் போதும். மூலையில் கிடக்கும் பெரிய கருவியைவிட அது மேல். இரண்டிலும் பெட்டி மேல் போட்டிருக்கும் மடங்கு எண்ணை நம்பாதே. ஒரு மி.மீ. அகலத்துக்கு 2 மடங்கு என்பதே உச்சம். எங்கள் '450' உண்மையில் 120தான். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடு.

அன்று ஊதாக் கோட்டைப் பற்றிக் கேட்ட தம்பி, நீ இதைப் படித்தால்: உன் கண் சரியாகத்தான் பார்த்தது. அது நம் லென்ஸின் கோளாறு. நான் சொன்ன பதில் தப்பு.