புகை உணரியின் மின்பசி: கம்பி, பேட்டரி, காற்றலை

கட்டடங்களில் புகையையும் கசியும் வாயுவையும் கண்டறியும் கருவிகளின் வரலாற்றைப் பெரும்பாலும் உணரும் முறையின் வரலாறாகவே எழுதுகிறார்கள். எந்தப் பொருள் புகையை உணர்ந்தது, எந்த ஆண்டு காப்புரிமை கிடைத்தது, எவ்வளவு துல்லியம் கூடியது என்பதாக அது நகரும். இக்கட்டுரை அதே வரலாற்றை வேறொரு கேள்வியை வைத்துப் படிக்கிறது: உணரிக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது? நல்ல உணரி கைக்குக் கிடைத்த பிறகும் அது வீடுகளுக்குள் நுழையப் பல பத்தாண்டுகள் ஆனதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. காற்றலையிலிருந்தே மின்திறன் பெறும் இன்றைய உணரிகளின் வலுவும் வரம்பும் இதே கேள்வியால் விளங்கும்.

முதல் வாயு உணரிகளுக்கு மின்சாரமே தேவைப்படவில்லை. 1812 மே 25 அன்று இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 92 பேர் இறந்தனர். அதன் தொடர்ச்சியாக ஹம்ஃப்ரி டேவி 1815இல் வடிவமைத்த பாதுகாப்பு விளக்கில் சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலை இருந்தது. வெளிச்சத்துக்காக எடுத்துச் சென்ற விளக்கு விரைவிலேயே அளவுகருவியும் ஆனது. திரியை நன்றாகத் தாழ்த்தினால், மீத்தேன் கலந்த காற்றில் மஞ்சள் சுடரின் மேல் வெளிறிய நீலத் தொப்பி ஒன்று எழும். அதன் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு மீத்தேனின் அளவைச் சொல்வார்கள். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் இருந்தால் வெடிக்கும் என்பதால் அதற்கு வெகு முன்னரே தெரியும் அந்த நீலம் உயிர்காத்தது. கார்பன் மோனாக்சைடுக்கு இந்த உத்தி உதவாது. அதற்காக ஜான் ஸ்காட் ஹால்டேன் 1890களில் சிறு விலங்குகளைப் பரிந்துரைத்தார். கேனரிக் குருவி அப்படித்தான் சுரங்கத்துக்குள் வந்தது. பிரிட்டனில் அது ஓய்வு பெற்றது 1986இல்.

மூன்றாவது மின்சாரமற்ற உணரி மனித மூக்கு. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்ததில் ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் மாணவர்கள், மாண்டனர். எரிவாயுவில் நாற்றப்பொருள் கலப்பது அதன் பிறகே சட்டக் கட்டாயமாகப் பரவியது. நம் வீட்டு சிலிண்டரில் கலக்கும் எத்தில் மெர்காப்டன் இந்த மரபில் வந்ததுதான். சமையலறை உணரி வாங்காத வீட்டிலும் ஒரு உணரி இருக்கிறது என்பது இதன் பொருள். ஆனால் உறங்குபவருக்கும் சளி பிடித்தவருக்கும் அது வேலை செய்யாது.

கட்டடத்துக்குள் மின்சாரம் வந்ததும் கம்பி முதன்மை பெற்றது. எடிசனின் மென்லோ பார்க் ஆய்வகத்தில் கணித வல்லுநராக இருந்த ஃபிரான்சிஸ் அப்டன் 1890இல் மின் தீ எச்சரிக்கைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பர்மிங்ஹாமில் ஜார்ஜ் டார்பி 1902இல் வெப்பத்தால் சுற்று மூடும் கருவியைப் பதிவு செய்தார். இரண்டும் உணர்ந்தவை வெப்பத்தை. தீயில் இறப்பவர்களில் பெரும்பாலோர் வெப்பம் தங்களை எட்டுவதற்கு முன்பே புகையால் மயங்கிவிடுகிறார்கள். ஆகவே கண்டறிய வேண்டியது புகையைத்தான்.

புகை உணரி பிறந்தது சுவிட்சர்லாந்தில், சற்றே தற்செயலாக. 1930களின் பிற்பகுதியில் வால்டர் யேகர் என்ற இயற்பியலாளர் நச்சுவாயுவைக் கண்டறியும் கருவியை முயன்றார். காற்றை அயனியாக்கிச் சிறு மின்னோட்டம் பாயவிட்டு, நச்சுவாயு புகுந்தால் அது மாறும் என எதிர்பார்த்தார், மாறவில்லை. சலிப்பில் பற்றவைத்த சிகரெட்டின் புகை மின்னோட்டத்தைக் குறைத்தது என்று சொல்லப்படுகிறது. புகைத் துகள்களில் அயனிகள் ஒட்டிக்கொள்வதே காரணம். ஆனால் அந்த மின்னோட்டம் மணியை ஒலிக்கச் செய்யும் அளவுக்கு இல்லை. எர்ன்ஸ்ட் மைலி உருவாக்கிய குளிர் எதிர்மின்வாய்க் குழல் அந்தச் சமிக்ஞையைப் பெருக்கித் தந்தது. 1940களின் தொடக்கத்தில் பாட் ராகாஸ் ஊரின் செர்பெரஸ் நிறுவனம் அதைத் தொழிலாக்கியது. அக்கருவிகள் உயர் மின்னழுத்தத்தில் இயங்கின. தொழிற்சாலை, கிடங்கு, பெரிய அலுவலகம் தவிர வேறெங்கும் அவற்றை மாட்ட இயலவில்லை.

இந்த இடத்தில், காற்று அயனியாக்கப்படும் அறையான அயனியறையின் ஒரு சிறப்பைக் கவனிக்க வேண்டும். காற்றை அயனியாக்கும் வேலையை மின்சாரம் செய்யவில்லை. கதிரியக்கப் பொருள் செய்தது. பின்னாளில் வழக்கமான அமெரிசியம்-241 ஒரு கருவியில் ஏறத்தாழ 0.3 மைக்ரோகிராம் மட்டுமே இருக்கும். அதன் அரையாயுள் 432 ஆண்டு. அதாவது காற்றை அயனியாக்கும் ஆற்றலை அணுக்கரு இலவசமாகத் தருகிறது. வெளியிலிருந்து வரும் மின்சாரம் விளைவை வாசிப்பதற்கு மட்டுமே. கொலராடோவில் ஸ்டாடிட்ரால் நிறுவனம் நடத்திய டுவேன் பேர்சால் இதை முழுமையாகப் பயன்படுத்தினார். 1960களில் நிலைமின்னை நீக்கும் கருவி ஒன்றைச் சோதித்தபோது, அங்கே ஒருவர் புகைத்த சிகரெட் அயனி அளவியைத் தாறுமாறாக்கியதாம். இரு கண்டங்களிலும் ஒரே பழக்கம் ஒரே கண்டுபிடிப்புக்கு வித்திட்டது என்பது வரலாற்றின் குறும்பு. பேர்சால், ஸ்டான்லி பீட்டர்சன் என்ற பொறியாளருடன் சேர்ந்து உருவாக்கிய பேட்டரிக் கருவி 1970களின் நடுவில் பெருமளவில் விற்பனைக்கு வந்தது. இதே காலத்தில் வந்த ஒளிவழிப் புகை உணரியில் இழை விளக்கு எரிய வேண்டியிருந்ததால் சுவர் மின்சாரம் இல்லாமல் அது இயங்கவில்லை. ஒளியுமிழ் டையோடு வந்த பிறகே அதற்கும் பேட்டரி சாத்தியமானது. புகைந்து மெல்ல எரியும் தீயில் ஒளிவழிக் கருவியே சிறந்தது. ஆனாலும் சந்தையை முதலில் வென்றது அயனியறை. மின்பசி குறைந்தது வென்றது என்பதே என் வாசிப்பு.

பேட்டரி வந்ததும் புதிய குறை தோன்றியது: மனிதர். அமெரிக்கத் தேசியத் தீத் தடுப்புச் சங்கத்தின் ஆய்வறிக்கைகள் மீண்டும் மீண்டும் ஏறத்தாழ ஒரே கதையைச் சொல்கின்றன. தீ நேர்ந்தும் ஒலிக்காத கருவிகளில் ஐந்தில் இரண்டுக்கும் மேற்பட்டவற்றில் பேட்டரி கழற்றப்பட்டோ இணைப்பு நீக்கப்பட்டோ இருந்தது; மேலும் நான்கில் ஒரு பங்கில் பேட்டரி தீர்ந்திருந்தது. தாளிக்கும்போது அலறும் கருவியை முக்காலி போட்டு ஏறிக் கழற்றுவது எந்த ஊருக்கும் பொதுவான வழக்கம். நள்ளிரவில் நிமிடத்துக்கொரு முறை வரும் கிரீச் ஒலி, பேட்டரி மாற்றும்படி நினைவூட்டுவதாக வடிவமைக்கப்பட்டது. பலருக்கு அதுவே கழற்றிப் போடக் காரணமானது. ஆண்டுக்கிரண்டு முறை கடிகாரம் திருத்தும்போது பேட்டரியையும் மாற்றுங்கள் என்ற பரப்புரை 1987இல் தொடங்கியது. 1990களில் பத்தாண்டு லித்தியம் பேட்டரி வந்தது. இரண்டும் பிரச்சினையைத் தள்ளிவைத்தன.

இங்கே ஒரு தெளிவு அவசியம். கடையில் "வயர்லெஸ் டிடெக்டர்" என்று விற்கப்படுவதில் செய்திதான் காற்றில் போகிறது. மின்சாரம் உள்ளிருக்கும் பேட்டரியிலிருந்து வருகிறது. ஐரோப்பாவின் இ.என். 54-25 தரநிலை இவ்வகைக் கருவிகளின் பேட்டரி குறைந்தது 36 மாதம் தாங்க வேண்டும் என்கிறது. நூறு அறை உள்ள விடுதியில் மாதந்தோறும் ஏதோ சில பேட்டரிகளை மாற்ற வேண்டியிருக்கும். மின்திறனும் காற்றில் வருவது வேறு மரபு.

அந்த மரபின் வேர் ஓர் உளவுக் கருவியில் இருக்கிறது. 1945இல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்குச் சோவியத் சிறுவர்கள் மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரையைப் பரிசளித்தனர். அதற்குள் லெவ் தெரெமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்பு அமைப்பு இருந்தது. பேட்டரி கிடையாது, கம்பி கிடையாது. வெளியிலிருந்து வானொலி அலையைப் பாய்ச்சினால் அறைக்குள் பேசும் ஒலிக்கேற்ப அதன் எதிரொலி மாறும். 1952வரை அது கண்டுபிடிக்கப்படவில்லை. 1948இல் ஹாரி ஸ்டாக்மன் எதிரொலிக்கும் அலையால் தகவல் பரிமாறும் கோட்பாட்டை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1964இல் ரேதியானின் வில்லியம் பிரவுன் நுண்ணலையை மட்டும் கொண்டு சிறு ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டார். 1975இல் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் ஒரு மைல் தொலைவில் 30 கிலோவாட்டுக்கு மேல் மின்திறன் பெறப்பட்டது. ஆன்டெனாவையும் அலைதிருத்தும் டையோடையும் ஒன்றிணைத்த அவருடைய அமைப்பே இன்றைய சிறு உணரிகளின் மூதாதை.

எதிரொலியால் தகவல், அலையால் மின்திறன் என்ற இரு வழிகளும் 2006இல் சியாட்டிலின் இன்டெல் ஆய்வகத்தில் சந்தித்தன. அங்கு உருவான விஸ்ப் என்ற சிறு தட்டு, கடைப் பொருள்களில் ஒட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டையை வாசிக்கும் கருவியின் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்து, வெப்பத்தையும் ஒளியையும் அளந்து பதில் அனுப்பியது. 2015இல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு வைஃபை அலையால் சுமார் 6 மீட்டரில் வெப்ப உணரியை இயக்கிக் காட்டியது.

இது புகை உணரிக்குப் போதுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆன்டெனாவின் திசையில் 4 வாட் அளவு வீசும் 866 மெகாஹெர்ட்ஸ் அலை 5 மீட்டர் தொலைவில் உள்ள சாதாரண ஆன்டெனாவுக்குத் தருவது, தடை எதுவும் இல்லாதபோது, ஏறத்தாழ 120 மைக்ரோவாட். நேர்மின்னாக மாற்றும்போது பாதி வீணாகிறது என்று கொண்டால் மிஞ்சுவது 60. தொலைவை இரட்டித்தால் வருவது நான்கில் ஒன்று. அவ்வளவு நலிந்த அலையில் மாற்றுத் திறனும் சரியும். இதற்கு எதிரே 9 வோல்ட் அயனிவகைக் கருவி அமைதியாக இருக்கும்போது சராசரியாக 10 மைக்ரோ ஆம்பியர் எடுக்கிறது என்றால் செலவு 90 மைக்ரோவாட். இடைவெளி பெரிதல்ல, சிக்கனமான சுற்றால் அதை மூடிவிடலாம். அலறுவதுதான் சிக்கல். ஒலிக்க 20 மில்லி ஆம்பியர் தேவை என்றால் ஒரு நிமிட அலறலுக்கு 10.8 ஜூல் ஆகும். 60 மைக்ரோவாட்டில் அதைச் சேமிக்க 50 மணி நேரம். ஆகவே காற்றலையால் இயங்கும் உணரி கண்டறிந்து தெரிவிப்பதோடு நிற்க வேண்டும்; கூக்குரல் எழுப்புவதைக் கம்பியில் இருக்கும் மணியிடம் விட வேண்டும். வீட்டுக் கருவியில் உணர்வதும் ஒலிப்பதும் ஒரே பெட்டியில் இருந்த அரை நூற்றாண்டு வழக்கத்தை இது உடைக்கிறது.

எரிவாயு உணரியின் கதை இன்னும் கடினமானது. 1962இல் கியூஷூ பல்கலைக்கழகத்தின் செய்யாமா துத்தநாக ஆக்சைடு எரிவாயுவை உணரும் என்று காட்டினார். அதே ஆண்டு நவோயோஷி தகுச்சி டின் ஆக்சைடுக்குக் காப்புரிமை கோரினார். ஜப்பானிய வீடுகளில் சிலிண்டர் எரிவாயு பரவிக்கொண்டிருந்த காலம் அது. இவ்வகை உணரி சில நூறு டிகிரி செல்சியஸுக்குச் சூடாக இருந்தால்தான் நன்கு வினைபுரியும். பொறியியல் மாணவர்கள் சென்னை ரிச்சித் தெருவில் வாங்கும் எம்.க்யூ. வரிசை உணரியின் சூடேற்றி 5 வோல்ட்டில் சுமார் 150 மில்லி ஆம்பியர் இழுக்கும். அதாவது 750 மில்லிவாட். மேலே கணக்கிட்ட 60 மைக்ரோவாட்டை விட இது பன்னிரண்டாயிரம் மடங்குக்கு மேல். விரலால் தொட்டாலே வெதுவெதுப்பு தெரியும் அந்த உலோகத் தொப்பியை அறையின் மறுகோடியிலிருந்து காற்றலையால் சூடாக்குவது இன்றைய நிலையில் நடவாது. எரிவாயுவுக்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது. உணரியைத் தரைக்கு அருகே பொருத்த வேண்டும். அங்கே சிலிண்டர், அலமாரி, ஆள் கால் எல்லாம் அலையை மறிக்கும்.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. கார்பன் மோனாக்சைடுக்கான மின்வேதி உணரி, பிளாட்டினம் மின்முனையில் வாயு ஆக்சிஜனேற்றம் அடையும்போது தானே நுண்மின்னோட்டம் தருகிறது. வாசிக்க மட்டும் திறன் தேவை. 2014இல் எம்.ஐ.டி.யில் டிமோத்தி ஸ்வேகரின் குழு, கைபேசியால் வாசிக்கும் அட்டையில் கார்பன் நானோகுழாய்ப் பூச்சிட்டு அம்மோனியா போன்ற வாயுக்களைக் கண்டறிந்தது. ஆனால் கைபேசியை அருகே கொண்டுபோக வேண்டும். 2017இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் விளக்கிய அகச்சிவப்புச் சாவி காத்திருக்கும்போது மின்சாரமே எடுப்பதில்லை. வரும் கதிர்வீச்சின் ஆற்றலே தொடுமுனையை மூடுகிறது. டேவி விளக்கில் சுடரே அளவுகருவியாக இருந்தது போல் இங்கே தேடப்படும் பொருளே ஆற்றலும் தருகிறது. மூன்றில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான்.

ஒழுங்குமுறை பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியா 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 2005இல் உரிமம் தேவையில்லாததாக்கி 4 வாட் வரை அனுமதித்தது. ஜப்பான் 2022இல் அறைக்குள் காற்றலை மின்திறனுக்கு 920 மெகாஹெர்ட்ஸ், 2.4, 5.7 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளைத் திறந்தது. தீப் பாதுகாப்பு விதிகள் இன்னொரு கேள்வி கேட்கின்றன. மின்தடை வந்தால்? தீ முதலில் அறுப்பது பல சமயம் மின் கம்பியைத்தான். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 72 விதி, பொது மின்சாரம் நின்றபின் 24 மணி நேரம் காத்திருந்து, அதன் முடிவில் 5 நிமிடம் ஒலிக்கத் தக்க மாற்று மின்சாரம் வேண்டும் என்கிறது. அலை வீசும் ஒவ்வொரு கருவியும் சுமார் 4 வாட் எடுக்கும் என்றால் ஒரு நாளைக்கு 96 வாட்-மணி. எச்சரிக்கைப் பெட்டிகளில் வழக்கமாக இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றின் கொள்ளளவு 84. ஒரு வீச்சுக் கருவிக்கே அது பற்றாது. ஒரு தளத்துக்குப் பல வீச்சுக் கருவிகள் வேண்டும்.

ஆகவே "பேட்டரி இல்லாத உணரி" என்ற விளம்பரச் சொல்லை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். பேட்டரி கூரையிலிருந்து இறங்கி, பணியாளர் கண்ணில் படும் ஓர் அறையில் வந்து அமர்ந்திருக்கிறது, அவ்வளவே. நூறு சிறு பேட்டரிகளைத் தேடி மாற்றுவதை விட நான்கு பெரிய பேட்டரிகளைச் சோதிப்பது எளிது என்பதால் இது சிறிய ஆதாயம் அல்ல. கூடவே ஒரு நிபந்தனை: உணரி பதில் சொல்லாமல் போவதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே பழுது என்று அறிவிக்க வேண்டும். பேட்டரி தீரும் கருவி கிரீச்சிட்டுச் சாகும். அலை எட்டாத கருவி சத்தமின்றிச் செத்துக் கிடக்கும். யாரோ அதற்கு முன்னால் ஓர் இரும்பு அலமாரியை நகர்த்தி வைத்தாலே போதும்.

முதலில் இவ்வகைக் கருவி இடம்பிடிக்கத் தக்கவை, ஏணி எட்டாத உயரக் கூரைகளும் சுவரைக் குடைய அனுமதியில்லாத பழம்பெரும் கட்டடங்களும். அங்கும் புகைக்கு மட்டும். சமையலறை எரிவாயுவுக்கு இன்னும் சில காலம் சுவர்ச் செருகியும் மெர்காப்டன் நாற்றமும்தான்.