சோகத்துக்கும் சனிக்கும் என்ன சம்பந்தம்?

ஆனி, ஆடி மாதங்களில் போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பார்த்தால், போடிமெட்டும் ஏலக்காய் மலையும் மேகம் மூடி உம்மென்று இருக்கும். மனிதர்களும் சில நாள் அப்படித்தானே! 'உம்மென்று பதில் சொன்னான்' என்பதற்கு ஆங்கிலத்தில் அதிகம் புழங்காத ஒரு சொல் உண்டு: 'சாட்டர்னைன்லி'.

இதற்குள் ஒளிந்திருப்பது யார் தெரியுமா? 'சாட்டர்ன்', அதாவது நம்ம சனி கிரகமேதான்!

வெறுங்கண்ணால் தெரியும் கிரகங்களில் மிக மெதுவாக நகர்வது சனி. சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 29½ ஆண்டுகள் ஆகும். அதனால் சனியின் ஆதிக்கத்தில் பிறந்தவர்கள் மந்தமாக, சோகமாக இருப்பார்கள் என்று இடைக்கால ஐரோப்பிய ஜோதிடர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் இருந்து 'சாட்டர்னைன்' என்ற சொல் 15-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. அதன் வினையடைதான் 'சாட்டர்னைன்லி'.

நம் பக்கமும் இதே கதைதான். 'சனைச்சர' என்ற வடசொல்லுக்கு 'மெல்ல நடப்பவன்' என்று பொருள். 'மந்தன்' என்றும் சனிக்குப் பெயர் உண்டு. ஏழரைச் சனி கூட ஒரு எளிய கணக்குதான். சுமார் 30 ஆண்டுகளை 12 ராசிக்குப் பிரித்தால் ராசிக்கு 2½ ஆண்டு. மூன்று ராசிக்கு 7½!

இதில் ஒரு வேடிக்கை. ரோமானியர்களுக்கு சாட்டர்ன் விவசாயத்தின் தெய்வம். டிசம்பர் 17-இல் தொடங்கும் 'சாட்டர்னேலியா' திருவிழாவில் எஜமானர்களே அடிமைகளுக்கு உணவு பரிமாறுவார்களாம். ஒரே கொண்டாட்டம்! நம் தேனி மாவட்டத்துக் குச்சனூரிலும் சுயம்பு சனீஸ்வரருக்கு ஆடிச் சனிக்கிழமைகளில் திருவிழாக் கூட்டம் அலைமோதும். ஆக, சாமி கொண்டாட்டத்துக்குரியவர்தான். பழி வந்தது கிரகத்தின் நடையால்!

இன்னொரு செய்தி. ரசவாதிகள் கனமான ஈயத்துக்கு சனியின் பெயரை வைத்தார்கள். அதனால் ஈய நஞ்சு ஏறுவதற்கும் ஆங்கில மருத்துவத்தில் சனியின் பெயரே வந்தது. அந்த நஞ்சு ஏறினால் சோர்வு, எரிச்சல், மனச்சோர்வு எல்லாம் வரும். இங்கே முகம் வாடியதற்குக் காரணம் வானத்தில் இல்லை, உடம்புக்குள் இருக்கிறது!

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே... மெதுவாக எழுதும் பிள்ளையை 'சனியனே' என்று திட்டுகிறோம். மாதக்கணக்கில் பேசாமல் முடங்கிக் கிடப்பவரை 'ஏழரை நடக்குது, தானா சரியாகும்' என்று விட்டுவிடுகிறோம். கோயிலுக்குப் போய் எள் விளக்கு ஏற்றட்டும், தவறில்லை. ஆனால் அதற்காக ஏழரை ஆண்டு காத்திருக்க வேண்டாம். ஒரு மருத்துவரிடமும் கூட்டிப் போகலாமே! சனி மெதுவாக நடப்பது அது சூரியனை விட்டு வெகு தொலைவில் இருப்பதால்தான். அதற்கு யார் மேலும் கோபம் இல்லை.