பங்காளிகளைத் தேடி: ஒய் குரோமோசோம் சொல்லும் வரலாறு

ஓசூர் பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். சிப்காட் பக்கம் போனால் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொள்ளும். பெங்களூர் இங்கிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் மைசூர் அரசின் கீழ் இருந்த பகுதி இது. 1792, 1799 ஆண்டுகளில் நடந்த போர்களுக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. 1956ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது சென்னை மாநிலத்தில் நின்றது. 1970களில் தொழிற்பேட்டை வந்தது. 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது.

இப்படிப்பட்ட எல்லை ஊரில் ஒரு கேள்வி அடிக்கடி எழும். "இங்கே பூர்வகுடி யார்? வந்தவர் யார்?" டீக்கடையில் தொடங்கும் இந்தப் பேச்சு சில சமயம் சண்டையிலும் முடியும். மரபணு ஆராய்ச்சி வந்துவிட்டது, இனி அது தீர்ப்பு சொல்லிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. சொல்லுமா? தமிழ்நாட்டு ஆண்களை வைத்தே இது பற்றிப் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

ஒய் குரோமோசோமுக்கு என்ன தனிச்சிறப்பு?

மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம்கள். இவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டு போலக் கலைந்து, பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகின்றன. ஒய் குரோமோசோம் மட்டும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் கலையாமல் போகிறது. அதில் சுமார் 6 கோடியே 20 லட்சம் 'எழுத்துகள்' இருக்கின்றன. இதை முழுமையாகப் படித்து முடித்ததே 2023ல்தான்.

நகல் எடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறும். அந்தப் பிழை மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று ஆண் வழியில் தொடர்ந்து இறங்கும். ஒரே பிழையைச் சுமக்கும் இரண்டு பேருக்கு எங்கோ ஒரு பொதுவான பாட்டன் இருந்திருக்கிறான் என்று அர்த்தம். பிழைகளை எண்ணினால் அந்தப் பாட்டன் வாழ்ந்த காலத்தையும் தோராயமாகச் சொல்லலாம்.

நம் ஊர் வழக்கில் சொன்னால் இது பங்காளிக் கணக்கு. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் 'நாம் ஒரு தாத்தா வழி' என்பார்களே, அதையேதான் இந்தக் குரோமோசோமும் சொல்கிறது. மாமன் மச்சான் கணக்கு அதற்குத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்வது முக்கியம்.

மதுரையில் கிடைத்த எம்130

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு மக்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்து ஆராய்ந்து வந்தார். மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்து இளைஞரிடம் எம்130 என்ற அடையாளம் கிடைத்தது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடம் அதிகமாகக் காணப்படும் பிரிவின் அடையாளம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட மனிதர்கள் இந்தியக் கடற்கரை வழியாக ஆஸ்திரேலியா போனார்கள் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. ஸ்பென்சர் வெல்ஸ் தன் 'மனிதனின் பயணம்' ஆவணப்படத்தில் (2003) இதைக் காட்டியதும் அந்தக் கிராமம் உலகப் புகழ் பெற்றது. 2005ல் நேஷனல் ஜியாகிரஃபிக் தொடங்கிய ஜெனோகிராஃபிக் திட்டத்தின் இந்திய மையமும் மதுரையிலேயே அமைந்தது.

'ஆஸ்திரேலியப் பழங்குடிகளும் மதுரைக்காரர்களும் சொந்தக்காரர்கள்' என்று அப்போது பேசினார்கள். உண்மைதான், ஆனால் எவ்வளவு தூரத்துச் சொந்தம்? சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் இந்தியாவிலிருந்து ஆண்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள் என்று 2002ல் ஓர் ஆய்வு சொன்னது. 2016ல் ஆஸ்திரேலியப் பழங்குடி ஆண்கள் 13 பேரின் ஒய் குரோமோசோமை விரிவாகப் படித்தபோது அது நிற்கவில்லை. இரண்டு கிளைகளும் பிரிந்து ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன!

1,680 ஆண்கள்

பிச்சப்பன் குழுவின் பெரிய ஆய்வு 2012ல் வெளிவந்தது. தமிழ்நாட்டின் 12 பழங்குடிகள், 19 பிற சமூகங்கள், மொத்தம் 1,680 ஆண்கள். பழங்குடியினரிடமும் மற்றவர்களிடமும் பெரும்பாலும் அதே தந்தைவழிகள்தான் இருந்தன, விகிதம்தான் வேறு. எந்த ஒரு அடையாளமும் ஒரு சாதிக்கு மட்டும் சொந்தமாக இல்லை.

மக்கள் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்தது 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு என்றும், வர்ண முறை இங்கே வருவதற்கு முன்பே அது நடந்துவிட்டது என்றும், காரணம் விவசாயம் பரவியதாக இருக்கலாம் என்றும் அந்தக் குழு முடிவு செய்தது. காட்டில் தேடி உண்டவர்கள், மழையை நம்பிப் பயிரிட்டவர்கள், ஆற்றுப் பாசனத்தில் நெல் விளைவித்தவர்கள் என்று பிழைப்பு பிரிந்தபோது உறவும் பிரிந்தது என்பது இதன் சாரம்.

கடிகாரம் சரியா?

இங்கேதான் சிக்கல். ஒய் குரோமோசோமில் பிழை எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்பதற்கு அப்போது இரண்டு கணக்குகள் இருந்தன. இரண்டுக்கும் சுமார் மூன்று மடங்கு வித்தியாசம். ஒரு கணக்கில் ஆறாயிரம் ஆண்டு என்பது இன்னொன்றில் இரண்டாயிரம் ஆகிவிடும்!

2013ல் ஐதராபாத் சி.சி.எம்.பி.யும் ஹார்வர்டும் சேர்ந்து, ஒய்யை மட்டும் பார்க்காமல் மரபணுத் தொகுதி முழுவதையும் ஆராய்ந்தன. இந்தியச் சமூகங்கள் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை தாராளமாகக் கலந்தன, அதன்பிறகே அகமணம் இறுகியது என்றது அந்த ஆய்வு. இது 2012 முடிவோடு முரண்படுகிறது.

ஆர்1ஏ1 என்ற பிரிவின் கதையும் இப்படித்தான். 2012 ஆய்வு அதை இந்தியாவிலேயே உருவானதாகக் கணக்கில் சேர்த்தது. 2019ல் 523 பழங்கால மனிதர்களின் டி.என்.ஏ.வை ஆராய்ந்த கட்டுரை, கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் புல்வெளி மக்கள் மத்திய ஆசியா வழியாக வந்தார்கள் என்றும், இந்தியாவின் ஆர்1ஏ பெரும்பாலும் அவர்களோடு தொடர்புடையது என்றும் சொன்னது. அதே ஆண்டு வெளியான ராக்கிகடி எலும்புக்கூட்டில் புல்வெளிக் கலப்பு இல்லை. ஆனால் அது ஒரு பெண்ணுடையது, அதனால் ஒய் குரோமோசோமே கிடையாது!

கிருஷ்ணகிரி மண்

மரபணுக் கடிகாரம் ஆடும்போது மண்ணைக் கேட்க வேண்டும். பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டிய இடத்தில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மல்லசந்திரத்தில் கல்திட்டைகள் நிற்கின்றன. ஆக, இந்தக் குன்றுகளில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தொழில்நுட்பத்தோடு வாழ்ந்தார்கள். ஆனால் அவர்கள் யாருடைய பாட்டன்கள் என்பதை இரும்பு சொல்லாது. அதற்கு எலும்பில் டி.என்.ஏ. மிஞ்சியிருக்க வேண்டும். வெப்பமான மண்ணில் அது சீக்கிரம் சிதைந்துவிடும்.

எதைச் சொல்லாது?

பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள். ஒய் குரோமோசோம் அதில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசுகிறது. மீதி 1,023 பேரைப் பற்றி மௌனம். பாட்டிகள் ஒருவர்கூட அதில் இல்லை. திருமணமானதும் ஊர் மாறியவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். அதாவது, அதிகம் நடந்த இடப்பெயர்ச்சியை இந்தக் குரோமோசோம் பார்க்கவே இல்லை. தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைத் தனியாகப் படித்தால்தான் அது தெரியும்.

இன்னொன்று. இது போன்ற ஆய்வுகளில் தாத்தா காலத்திலிருந்தே அந்தப் பகுதியில் வாழ்பவர்களைத்தான் வழக்கமாகத் தேடி எடுப்பார்கள். ஓசூர் தொழிற்சாலை வாசலில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பட்டியலில் சேரமாட்டார்கள். ஆனால் அவர்களுடைய பேரன்கள் இந்த ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

'பூர்வகுடி யார்' என்ற கேள்விக்கு ஒய் குரோமோசோம் தரும் பதில் இவ்வளவுதான். எல்லோருடைய பாட்டனும் எங்கிருந்தோ வந்தவன். சிலர் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன், சிலர் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன், சிலர் போன மாதம் ரயிலில். வந்த வரிசையை அது ஓரளவு சொல்லும். ஆனால் யாருக்கும் நிலத்துக்குப் பட்டா போட்டுக் கொடுக்காது.