எஃப்.ஐ.ஆர். இல்லாத வாகன விபத்து: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் தவறைத் தீர்மானித்தல்

மோதிய இரு தரப்பும் காவல் நிலையத்துக்குப் போகாமலே விட்ட, அல்லது போயும் வழக்காகப் பதிவாகாத விபத்தை இக்கட்டுரை எஃப்.ஐ.ஆர். இல்லாத விபத்து என்கிறது. புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களில் சிறு மோதல்கள் பல இப்படித்தான் முடிகின்றன. காரின் பம்பர் கிழிந்திருக்கும், பைக்கின் ஹேண்டில் வளைந்திருக்கும். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்து, இரண்டாயிரமோ மூவாயிரமோ பேசி, இருவரையும் அனுப்பிவைப்பார்கள். தகராறு மறுநாள்தான் தொடங்கும். பைக்காரருக்கு முட்டி வீங்கியிருக்கும். கார்க்காரர் கையில் ஒர்க்ஷாப் எஸ்டிமேட் இருக்கும்.

எஃப்.ஐ.ஆர். இல்லாததால் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடுவதில்லை. நிரூபிக்கும் வேலை முழுவதும் கேட்பவர் தலையில் விழுகிறது, அவ்வளவுதான். ஆனால் பதிவு செய்யாமல் விட்டதே ஒரு குற்றமாகலாம் என்பதைப் பலரும் அறிவதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 134ஆம் பிரிவில், யாருக்கேனும் காயமோ பிறர் சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால், அந்த இடத்தில் போலீஸ் இல்லாதபோது ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அவரே எழுத்தில் தகவல் தர வேண்டும். ‘சின்ன விஷயம்’ என்பதற்குச் சட்டத்தில் தனி அளவு இல்லை.

சாலையோரப் பேச்சில் ஆளும் விதி ஒன்றுதான்: பெரிய வண்டிதான் தப்பு. காரும் பைக்கும் மோதினால் கார். பைக்கும் சைக்கிளும் மோதினால் பைக். கார்க்காரர் வெளியூர் என்றால் தீர்ப்பு இன்னும் விரைவாக வரும். இதில் ஒரு நியாயம் இருக்கிறது, அடிபடுபவர் பெரும்பாலும் சின்ன வண்டிக்காரர்தான். ஆனால் சட்டம் வண்டியின் அளவைப் பார்ப்பதில்லை. 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், யார் யாருக்கு வழிவிட வேண்டும், முன்வண்டியிலிருந்து எவ்வளவு விலகி வர வேண்டும் என்பவற்றைத்தான் கணக்கில் எடுக்கின்றன.

பாகூரிலிருந்து கிழக்கே வந்து, கன்னியக்கோயிலில் கடலூர் சாலையில் ஏறி, இடப்பக்கம் புதுச்சேரிக்குத் திரும்பும் ஒரு காரை வைத்துப் பார்க்கலாம். பிரதான சாலையில் வருபவருக்கே முன்னுரிமை. ஆகவே மோதல் நடந்தால் முதல் சந்தேகம் கார்மேல். கடலூர்ப் பக்கத்திலிருந்து தன் பாதையில் வந்த பைக் என்றால், அது காருக்கு வலப்பக்கத்திலிருந்து வரும். அடி வலப்பக்க ஃபெண்டரிலோ வலப்பக்க ஹெட்லைட்டிலோ விழும். அடி இடப்பக்க மூலையில் இருந்தால், பைக் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ராங் சைடில் வந்திருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடித் துண்டுகள் மோதிய இடத்தை ஒட்டியே சிதறும். வண்டிகளோ தள்ளிப்போய் நிற்கும். எனவே வண்டியை ஓரங்கட்டுவதற்கு முன் எடுத்த நான்கு போட்டோ, பத்துப் பேர் வாய்ச்சாட்சியைவிடக் கனமானது. டென்ட்டை மட்டும் நெருங்கி எடுத்தால் போதாது. சாலையின் விளிம்பு, கடைப் பலகை, கிலோமீட்டர் கல் என்று இடத்தைக் காட்டும் ஏதாவது ஒன்று படத்தில் இருக்க வேண்டும். அருகிலுள்ள பெட்ரோல் பங்க், கடை ஆகியவற்றின் சிசிடிவி பதிவுகள் சில நாள்களில் அழிந்துவிடும். அவற்றை வாங்கினால், 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

எல்லை விவகாரம் இப்பகுதிக்கே உரிய தலைவலி. புதுச்சேரிப் பகுதி ஒரே நிலத் துண்டு அல்ல. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குள் துண்டு துண்டாகச் சிதறியது. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் போனால் அரியூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனையும் மதகடிப்பட்டும் மறுபடி புதுச்சேரி. ‘இது எங்க லிமிட் இல்லை’ என்று இரு பக்கமும் கைவிரிக்க, புகார் பதிவாகாமலே போன கதைகள் இங்கே புதிதல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173ஆம் பிரிவின்படி, கைது செய்யத்தக்க குற்றத்தின் தகவலை எந்த எல்லையில் நடந்தது என்று பாராமல் பதிய வேண்டும். மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இழப்பீட்டு வழக்குக்கு இந்த எல்லைச் சிக்கல் இல்லை. விபத்து நடந்த இடம், கேட்பவர் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு குடியிருக்கும் இடம் என எதற்குரிய தீர்ப்பாயத்திலும் தொடுக்கலாம். கண்டமங்கலத்தில் அடிபட்ட திருபுவனைக்காரர் புதுச்சேரியிலேயே வழக்குப் போடலாம்.

வெள்ளைத்தாளில் எழுதி வாங்கும் சமாதானம் தனியாகச் சொல்லத் தக்கது. ‘என் மீதுதான் தவறு, செலவை நானே ஏற்கிறேன்’ என்று கார்க்காரர் பதற்றத்தில் கையெழுத்திடுவார். இந்தியாவின் மோட்டார் பாலிசிகளில், நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதமின்றிக் காப்பீடு பெற்றவர் தவறை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்ற நிபந்தனை உண்டு. அந்த ஒரு வரியைக் காட்டி நிறுவனம் மூன்றாம் நபர் பொறுப்பில் தகராறு செய்ய முடியும். தாளில் நடந்ததை மட்டும் எழுதலாம்: தேதி, நேரம், இடம், வண்டி எண்கள், லைசென்ஸ், பாலிசி விவரம், இருவர் கைபேசி எண், பார்த்தவர்கள் பெயர். தவறு யாருடையது என்பதைத் தாளுக்குக் கொண்டுவரத் தேவையில்லை.

காப்பீட்டு நிறுவனத்தில் ‘தவறு’ என்ற சொல்லின் மதிப்பு மாறிவிடுகிறது. தன் காரைச் சரிசெய்ய ‘ஓன் டேமேஜ்’ கிளைம் போடுபவர், தவறு எதிர்த்தரப்பினுடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தன் தவறாக இருந்தாலும் பணம் உண்டு. யாருக்கும் காயமில்லாத சிறு சேதத்துக்கு எஃப்.ஐ.ஆர். இல்லாமலே சர்வேயர் வந்து பார்த்து எழுதுவது வழக்கம். ஆனால் கிளைம் போட்டாலே நோ கிளைம் போனஸ் போய்விடும், தவறு யாருடையதாக இருந்தாலும். ஐந்து ஆண்டு சுத்தமாக ஓட்டியவருக்கு அது 50 சதவீதம். சில ஆயிரம் ரூபாய் டிங்கரிங் வேலைக்குக் கிளைம் போடுவது பல நேரம் நட்டக் கணக்கு. எதிர்த்தரப்பின் பாலிசியிலிருந்து வாங்க வேண்டுமானால் மட்டும் தவறை நிரூபித்தாக வேண்டும். கார் பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமான உச்சவரம்பு 7.5 லட்சம் ரூபாய், இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சம். பிரீமியம் குறைய வேண்டும் என்று இந்த வரம்பை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு.

காயம் பட்டவர் வழக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே எஃப்.ஐ.ஆர். முக்கியச் சான்று, ஆனால் அது மட்டுமே வாசல் அல்ல. 2009இல் பிம்லா தேவி வழக்கில், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, எது அதிகச் சாத்தியமோ அதை ஏற்றால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். 2011இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில், அடிபட்டவர் குடும்பம் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடும், எஃப்.ஐ.ஆர். தாமதமானதை மட்டும் காரணமாக்கிக் கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று சொன்னது. நமக்கு நெருக்கமானது 1980ஆம் ஆண்டின் கருமை அம்மாள் வழக்கு. என்.கே.வி. பிரதர்ஸ் நிறுவனத்தின் பேருந்து இரவில் தாழ்ந்து தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் உரசி, எட்டுப் பேர் அங்கேயே இறந்தனர். ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையானார். அதைக் காட்டி இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க நிறுவனம் முயன்றபோது, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான அமர்வு மறுத்துவிட்டது. சிறைக்கு அனுப்பத் தேவையான கவனக்குறைவு வேறு, இழப்பீட்டுக்குத் தேவையான கவனக்குறைவு வேறு. காவல் ஏடு சொல்வதே கடைசிச் சொல் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான தமிழ்நாட்டு வழக்கு கிடைப்பது அரிது.

எஃப்.ஐ.ஆர். இல்லாதபோது அதன் இடத்தில் நிற்பது ஏ.ஆர். காப்பி, அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். ஜிப்மரோ அரசு பொது மருத்துவமனையோ கிருமாம்பாக்கத்துத் தனியார் மருத்துவக் கல்லூரியோ, எங்கே சேர்ந்தாலும் ‘எப்படி அடிபட்டது’ என்று டாக்டர் கேட்பார். பிரச்சினை வேண்டாம் என்று ‘மாடிப்படியில் விழுந்துவிட்டேன்’ என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அந்த வரி பின்னாளில் வழக்கையே கவிழ்க்கும். விபத்தில் இல்லாத வண்டியைச் செருகிப் பணம் பறிக்கும் மோசடிகள் நடந்திருப்பதால், பதிவில்லாத விபத்தை நிறுவனங்கள் முதலில் சந்தேகத்தோடுதான் பார்க்கும். முதல் நாள் ஏட்டில் ‘டூவீலரில் வரும்போது கார் மோதியது’ என்று வண்டி எண்ணோடு இருந்தால் அந்தச் சந்தேகம் பாதி அடங்கும்.

பங்குத் தவறு என்று தீர்ப்பாயம் சதவீதம் பிரிப்பதும் உண்டு. இங்கே எதிர்த்தரப்பு வழக்கமாகத் தூக்கும் துருப்புச் சீட்டுகள் இரண்டு: லைசென்ஸ் இல்லை, பைக்கில் மூன்று பேர். லைசென்ஸ் இல்லாதது மட்டுமே பங்குத் தவறாகாது என்று 2008இல் சுதீர் குமார் ராணா வழக்கிலும், மூவர் சென்றது மோதலுக்குக் காரணமாகவில்லை என்றால் இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது என்று 2020இல் முகமது சித்திக் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விளக்கில்லாமல் இரவில் சாலையில் நின்ற டேங்கர் மீது மோதிய கார் ஓட்டுநர்மேல் பங்குத் தவறு சுமத்த முடியாது என்றது 2018ஆம் ஆண்டின் அர்ச்சித் சைனி தீர்ப்பு. கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்கள் சிவப்பு விளக்கில்லாமல் நிற்கும் நெட்டப்பாக்கம், பாகூர் சாலைகளில் இத்தீர்ப்பு அடிக்கடி தேவைப்படும்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபின், கோரிக்கை மனுவுக்கு விபத்து நாளிலிருந்து ஆறு மாதக் கெடு இருக்கிறது. இந்தக் கெடு உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டிருந்தாலும், அதை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. தன் பாலிசியில் கிளைம் மறுக்கப்பட்டவர் சென்னையிலுள்ள காப்பீட்டு ஒம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் புகார் தரலாம். தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தகராறுத் தொகை ஒரு லட்சம் ரூபாய்க்குக் கீழே இருந்தால் மேல்முறையீடு கிடையாது.