பதவி நீங்கியபின் ஒரு நெடும்பயணம்

பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் குடியேறி வாழும் குடும்பங்களுக்குப் பயணம் என்பது வெறும் பொழுதுபோக்கன்று. உறவைப் பேணும் கடமைகளுள் அதுவும் ஒன்று. ஆண்டுக்கொரு முறையேனும் மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு, வழியிலுள்ள நண்பர்தம் இல்லங்களில் இளைப்பாறி, பெற்ற மக்களையும் உற்ற சுற்றத்தையும் கண்டு திரும்பினாலன்றி நம் மனம் அமைதியுறுவதில்லை. இக்கடமை எளியோர்க்கு மட்டும் உரியதன்று, நாடாண்டோர்க்கும் உரியது. உலகப் பேரரசுகளுள் ஒன்றை ஏறத்தாழ எட்டாண்டுகள் ஆண்ட ஒருவர், பதவி நீங்கிய ஐந்தாம் மாதத்தில், மனைவியாரை அருகில் அமர்த்திக்கொண்டு, சாரதியுமின்றிக் காவலருமின்றித் தாமே காரோட்டிச் சென்று நண்பர்களையும் மகளையும் கண்டு வந்தார். அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முன்னாள் ஜனாதிபதி ஹாரி ட்ரூமன். உடன் சென்றவர் அவர்தம் துணைவியார் பெஸ். நடந்த காலம் 1953ஆம் ஆண்டின் கோடை. கேட்பதற்கு இனிய கதைதான். ஆயினும் அதனுள்ளே ஒரு கடினமான வினாவும் அடங்கியுள்ளது. அதிகாரத்தின் உச்சியில் இருந்தவன் மீண்டும் சாதாரணக் குடிமகனாக வாழ முடியுமா என்பதே அவ்வினா.

அரண்மனையிலிருந்து வீட்டிற்கு

ட்ரூமன் 1884இல் மிசௌரி மாநிலத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படைத் தலைவராகப் பணியாற்றினார். போர் முடிந்து திரும்பியதும், 1919 ஜூன் 28இல், இளமை முதல் தாம் விரும்பிய பெஸ் அம்மையாரை மணந்தார். பின்னர் ஆடவர் உடைக்கடை வைத்து, 1922இல் அது நொடித்துப்போகக் கடனாளியானார். அரசியலில் புகுந்து படிப்படியாக உயர்ந்து துணை ஜனாதிபதியானவர், 1945 ஏப்ரல் 12இல் ரூஸ்வெல்ட் திடீரென மறைந்தமையால் ஜனாதிபதிப் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. அணுகுண்டு வீச்சு, உலகப் போரின் முடிவு, ஐரோப்பாவின் மறுசீரமைப்பு, கொரியப் போர் ஆகிய பெருநிகழ்ச்சிகள் யாவும் அவர் காலத்தவை. அவற்றுள் சில இன்றும் கடும் விவாதத்திற்கு உரியவை. நம் நாட்டிற்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1949இல் நேருவை அமெரிக்காவில் வரவேற்றவர் அவரே. நம் நாட்டில் உணவுப் பஞ்சம் தலைகாட்டிய 1951இல், தானியம் வாங்க 19 கோடி டாலர் கடன் வழங்கும் சட்டத்தில் கையொப்பமிட்டவரும் அவரே.

1953 ஜனவரி 20இல் ஐசனோவர் பதவியேற்றார். அன்று மாலையே ட்ரூமன் தம்பதியர் ரயிலேறி, இண்டிபெண்டென்ஸ் என்னும் தம் சிற்றூருக்குத் திரும்பினர். அவர்கள் குடிபுகுந்தது பெஸ் அம்மையாரின் பிறந்தகத்தார் வாழ்ந்த பழைய மர வீடு. முன்னாள் ஜனாதிபதிக்கென ஓய்வூதியம் எதுவும் அந்நாளில் அமெரிக்கச் சட்டத்தில் இல்லை. அலுவலகம் இல்லை, எழுத்தர் இல்லை, மெய்க்காவலர் இல்லை. பழைய படைச் சேவைக்காக மாதந்தோறும் 112 டாலர் 56 சென்ட் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கில் வந்து குவிந்த கடிதங்களுக்கு விடையெழுதும் செலவும் அவரையே சார்ந்தது.

சாலையை நேசித்த மனிதர்

இவ்வளவு நெடுந்தொலைவைக் காரில் கடக்க அவர் ஏன் துணிந்தார்? சாலைகளின்பால் அவருக்கிருந்த பற்றே முதற்காரணம். உடைக்கடையை இழந்த நாட்களில் மோட்டார் சங்கமொன்றிற்கு உறுப்பினர் சேர்க்கும் வேலை பார்த்தவர் அவர். பின்னர் ஜாக்சன் மாவட்ட ஆட்சிக்குழுவின் தலைவராகி, 1928இல் மக்களின் வாக்கைப் பெற்றுக் கடன் பத்திரங்கள் வெளியிட்டு, சேற்றுப் பாதைகளைக் காங்கிரீட் சாலைகளாக்கினார். 1926 முதல் பழைய தேசியச் சாலைகளின் சங்கத்திற்குத் தலைவராகவும் விளங்கினார். அச்சாலை கடக்கும் 12 மாநிலங்களிலும் மாநிலத்திற்கு ஒன்றாக, கைக்குழந்தையை ஏந்தி, காலைப் பற்றிய சிறுவனுடன் நிற்கும் குடியேற்றத் தாயின் சிலைகள் 1928, 1929ஆம் ஆண்டுகளில் நிறுவப்பட்டன. பெயரறியாத குடும்பத் தலைவி ஒருத்திக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் அது! ஒஹையோ மாநிலச் சிலையின் திறப்பு விழாவிற்கு ட்ரூமனும் சென்றிருந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அச்சிலைகளுள் சில நின்ற வழியாகவே அவரும் மனைவியாரும் கிழக்கு நோக்கிச் சென்றனர்.

அவ்வழியின் வரலாறும் அறியத்தக்கது. ஜெபர்சன் காலத்தில், 1806இல், அமெரிக்கப் பேரவை அதற்கு இசைவளித்தது. 1811இல் மேரிலாந்து மாநிலத்துக் கம்பர்லாந்தில் வேலை தொடங்கியது; 1818இல் சாலை வீலிங் நகரையும் ஒஹையோ ஆற்றையும் எட்டியது. மலைகளைக் கடந்து மேற்கே குடியேறிய எண்ணற்ற குடும்பங்கள் மாட்டுவண்டியிலும் குதிரைவண்டியிலும் சென்ற பாதை அதுவே. 1926இல் அதற்கு 40ஆம் எண் நெடுஞ்சாலை என்னும் பெயர் வழங்கலாயிற்று.

புறப்பாடும் வழிநடையும்

1953 ஜூன் 19ஆம் நாள் வெள்ளிக்கிழமை காலையில் பயணம் தொடங்கிற்று. கணவருக்கு வயது 69, மனைவிக்கு 68. வண்டி புதிய கிரைஸ்லர் கார். வண்டியை விரைந்து ஓட்டுவதில் ட்ரூமனுக்கு விருப்பம் மிகுதி. அம்மையாரோ 55 மைலுக்கு மேல் போகக் கூடாதென்று உறுதியாகக் கூறிவிட்டார். சொன்னதோடு நில்லாமல் வழிநெடுகிலும் வேகமானியின்மீது கண்ணாகவே இருந்தார். உலகத் தலைவர்களோடு வாதாடியவர் இவ்வாணைக்கு அடங்கியே வண்டியோட்டினார். இதனால் விளைந்த வேடிக்கை ஒன்றுண்டு. மெதுவாகச் சென்ற அவ்வண்டியைப் பின்வந்தோர் எல்லாரும் முந்திச் சென்றனர். முந்துவோர் திரும்பிப் பார்த்தனர். பார்த்தோர் அடையாளம் கண்டுகொண்டனர்!

யாரும் அறியாத எளிய தம்பதியராகச் சென்று வரலாம் என்பதே அவர்கள் கொண்டிருந்த எண்ணம். அவ்வெண்ணம் முதல் நாள் பகலுணவு வரையில்தான் நிலைத்தது. ஹானிபல் என்னும் ஊரில் உணவு விடுதியொன்றில் அமைதியாக உண்டுகொண்டிருந்தவர்களைப் பழைய அறிமுகத்தார் கண்டுகொள்ள, அதன்பின் கைகுலுக்க வந்தோர் பலராயினர். அன்று மாலை இல்லினாய்ஸ் மாநிலத்து டிகேட்டர் நகரில் பெட்ரோல் போட நின்றபோதும் அதே கதை. சாலையோரத்து மோட்டல் ஒன்றில் தங்கினர், செய்தி பரவியது, நகரக் காவல்துறை தானாகவே காவலரை அனுப்பி வைத்தது.

மறுநாள் இண்டியானாபோலிஸ் நகரில் ஜனநாயகக் கட்சியின் முன்னாள் தலைவர் பிராங்க் மெக்கினியின் இல்லத்தில் இளைப்பாறி, இரவை வீலிங் நகரில் கழித்தனர். மூன்றாம் நாள் ஞாயிறன்று, மேரிலாந்து மலைப்பகுதியில் உள்ள பிராஸ்ட்பர்க் என்னும் சிற்றூரின் உணவகத்தில் பகலுணவு உண்டனர். அவர்கள் அமர்ந்த இருக்கையை அவ்வூரார் பின்னர் நினைவுச் சின்னமாகவே போற்றலாயினர். அன்றே வாஷிங்டனை அடைந்தனர்.

தலைநகரில் பழைய தோழர்களும் செனட்டர்களும் திரண்டு வந்து அவரைக் கண்டனர். தங்கிய ஓட்டலிலிருந்து வெள்ளை மாளிகை நடந்து செல்லும் தொலைவில்தான் இருந்தது. ஆயினும் ட்ரூமன் அதனுள் நுழையவில்லை. அவருக்கும் ஐசனோவருக்கும் இடையே கசப்பு நிலவிய காலம் அது. 1961 ஜனவரியில் கென்னடி பதவியேற்ற பின்னரே அவர் அம்மாளிகையின் வாயிலை மீண்டும் மிதித்தார். ஒருகாலத்தில் தம் இல்லமாக இருந்த மாளிகைக்குள் எட்டாண்டுகள் காலடி வைக்காதிருந்தார்! பணிக்காலத்தில் குடியிருந்த வீட்டைக் காலிசெய்து, பின்னொரு நாள் அத்தெருவழியே நடந்தோர்க்கு அவர் உள்ளம் விளங்கும்.

ஜூன் 26இல் பிலடெல்பியாவில் படைசார் அதிகாரிகளின் மாநாட்டில் பேசிவிட்டு, நியூயார்க் நகரம் சேர்ந்தனர். பயணத்தின் இனிய கட்டம் அது. ஒரே மகள் மார்கரெட் இசைவாணியாக அந்நகரில் வாழ்ந்து வந்தார். ஜூன் 28இல் பெற்றோரின் 34ஆவது திருமண நாள் அங்கே வந்தமைந்தது. நாடகம் பார்த்தும், மகளோடு உணவுண்டும், நண்பர்களைக் கண்டும் சில நாட்களைக் கழித்தனர்.

திரும்பும் வழியில், பென்சில்வேனியா மாநிலத்தின் சுங்கச் சாலையில் காவலர் ஒருவர் அவர்கள் காரை நிறுத்தினார். வேகம் மிகுந்ததற்காக அன்று. இடப்புறத் தடத்தில் மெதுவாகச் சென்று பின்வருவோரைத் தடுத்ததற்காக! காருக்குள் இருந்தவர் யார் என்பதைக் கண்டதும் அவர் திகைத்தார். அபராதமின்றி அறிவுரையோடு விடுத்தார். ஜூலை முதற்பகுதியில் ஏறத்தாழ 2,500 மைல் கடந்து இருவரும் இல்லம் திரும்பினர். இத்தகைய கார்ப் பயணத்தை அவர்கள் மீண்டும் மேற்கொள்ளவில்லை. தனிமனிதராக நடமாடும் உரிமை தமக்கு இனி இல்லை என்பதை அப்பயணம் உணர்த்திவிட்டது.

ஓய்வூதியம் பற்றிய உண்மை

முன்னாள் தலைவர் வறுமையில் வாடுகிறார் என்னும் பேச்சு நாளடைவில் அமெரிக்காவில் வலுப்பெற்றது. 1958 ஆகஸ்டில் முன்னாள் ஜனாதிபதிகளுக்கு ஆண்டுதோறும் 25,000 டாலர் ஓய்வூதியமும் அலுவலக உதவியும் அளிக்கும் சட்டம் நிறைவேறிற்று. நம் பாரத நாடோ, குடியரசான மறு ஆண்டிலேயே, 1951இல், குடியரசுத் தலைவர்க்கு ஓய்வூதியச் சட்டம் இயற்றிவிட்டது. இவ்வொன்றில் நாம் ஏழாண்டுகள் முந்தியவர்கள் என்பதை எண்ணி மகிழலாம்.

ஆனால் வரலாறு எழுதுவோர் இனிய கதையோடு நின்றுவிடலாகாது. ட்ரூமன் உண்மையில் வறியவரா? 1949 முதல் அவருக்கு ஆண்டுச் சம்பளம் ஒரு லட்சம் டாலர். செலவுப்படி 50,000 டாலர். பதவி நீங்கிய மறுமாதமே தம் நினைவுநூலுக்கு ஆறு லட்சம் டாலர் பெற ஒப்பந்தம் செய்தார். குடும்ப ஆவணங்கள் பிற்காலத்தில் வெளியாயின. அவற்றை ஆராய்ந்த சட்டப் பேராசிரியர் ஒருவர், பதவி நீங்கிய நாளிலேயே அவர்தம் சொத்து ஆறு லட்சம் டாலருக்கு மேலிருந்தது என்று 2021இல் எடுத்துக் காட்டினார். ஆகவே, கையில் காசின்றியே அவர் காரோட்டிச் சென்றார் எனக் கூறுவது பொருந்தாது. வசதி இருந்தும் எளிய வழியைத் தேர்ந்தார் என்பதே உண்மை. இதனால் பயணத்தின் சிறப்புக் குன்றுமா? குன்றாது என்றே தோன்றுகிறது. இல்லாமையால் வரும் எளிமை கட்டாயம். இருந்தும் கொள்ளும் எளிமையோ விருப்பம். ஆனால் ஒருவருடைய எளிமையைப் புகழ்வதற்காக அவரை ஏழையாக்கிக் காட்டுவது நேர்மையன்று.

காலம் மாறியது

அப்பயணம் போன்ற ஒன்று இனி நிகழ இயலாது. 1956இல் ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டத்தின்படி மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள் எழுந்தன. 40ஆம் எண் சாலையின் சிற்றூர்களை அவை ஒதுக்கிச் சென்றன. பல ஊர்களில் உணவகங்களும் மோட்டல்களும் வாடின. 1963இல் கென்னடி கொலையுண்டார். 1965இல் முன்னாள் ஜனாதிபதிகளுக்கும் மெய்க்காவல் அளிக்கும் சட்டம் வந்தது. பாதுகாப்பு வளர்ந்தது, மக்களோடு ஒரே மேசையில் உண்ணும் வாய்ப்பு மறைந்தது. ட்ரூமன் 1972இல் 88ஆம் வயதிலும், பெஸ் அம்மையார் 1982இல் 97ஆம் வயதிலும் மறைந்தனர்.

நம் நாட்டிலும் இதனை ஒத்த காட்சி உண்டு. 1962இல் பதவி நீங்கிய ராஜேந்திர பிரசாத், டில்லியின் மாபெரும் மாளிகையை விட்டுப் பாட்னாவில் தாம் முன்பு வாழ்ந்த சதாகத் ஆசிரமத்திற்கே திரும்பினார். மறு ஆண்டு பிப்ரவரியில் அங்கேயே உயிர் நீத்தார். பதவி என்பது வழியில் தங்கும் சத்திரம் போன்றது என்பதை இவ்விருவரும் அறிந்திருந்தனர்.

நம் காலனிகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றில் இன்றோ நாளையோ ஓய்வு பெறுவோர் இருப்பர். நாற்காலியும் பெயர்ப்பலகையும் நீங்கிய மறுநாள் யார் நம்மைத் தேடி வருவர் என்னும் கவலை அவர்தம் உள்ளத்தில் எழுவது இயல்பே. தேடி வருவோரை எண்ணிக் காத்திராமல், நாமே தேடிச் செல்லலாம் என்பதே அந்த முதிய தம்பதியர் காட்டிய வழி. நண்பர் இல்லமும் மக்கள் இல்லமும் எந்தப் பதவியோடும் வந்தவையல்ல. ஆதலின் எந்தப் பதவியோடும் போகா. வேகத்தை மட்டும் அருகில் அமர்ந்திருப்பவர் சொற்படி குறைத்துக்கொள்வது நலம்.