எல்லையின் இருபுறமும் கள்: முதலமடை – சித்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர் பொழுது சாயும் வேளையில் மதுவருந்தி இளைப்பாறுதல் தமிழ்நிலத்தில் மிகத் தொன்மையான வழக்கமாகும். அவ்வழக்கத்தை அரசுகள் சிலபோது வருவாயாகவும் சிலபோது குற்றமாகவும் கண்டன. இவ்விரு பார்வைகளும் அருகருகே நிற்கும் இடமாக முதலமடை விளங்குகின்றது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்வூர் மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்றது. மலையாளத்துடன் தமிழும் இங்கு வழங்குகின்றது. கோவிந்தாபுரம் வழியே எல்லையைக் கடந்தால் பொள்ளாச்சிப் பகுதி. இருபுறமும் தென்னைகளே. ஆயினும் ஒருபுறத்துத் தென்னையில் கள் இறக்குதல் உரிமம் பெற்ற தொழில். மறுபுறத்தில் அது தண்டனைக்குரிய குற்றம். இவ்வேறுபாடு தோன்றிய வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியப் பின்புலம்

கள், நறவு, தேறல், தோப்பி எனச் சங்க இலக்கியம் மதுவைப் பல பெயர்களால் சுட்டுகின்றது. முழுமதி நாளில் கடலுக்குச் செல்லாத பரதவர் பனங்கள் அருந்தி மகிழ்ந்த செய்தியைப் பட்டினப்பாலை தருகின்றது. யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிக்கின்றது. மேலைக்கடற்கரையையும் கொங்கு நாட்டையும் இணைத்த பாலக்காட்டுக் கணவாய் அக்கால வணிகத்தின் முதன்மையான வழிகளுள் ஒன்று என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையில் (புறம். 235), கிடைத்த கள்ளைப் பகிர்ந்த பண்பே அவனது பெருமையாகப் பேசப்படுகின்றது.

பின்னர்த் திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாக வகுத்தார். புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்த அவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தமை கருதத்தக்கது. குடி என்பது தனிமனித ஒழுக்கத்தோடு நில்லாமல் பொதுவாழ்வையும் தொடுவது என்னும் எண்ணம் இவ்வைப்பு முறையில் புலப்படுகின்றது எனலாம்.

இரு சட்ட மரபுகள்

ஆங்கிலேயர் ஆட்சியில் மதுவின்மீதான வரி 'ஆப்காரி' என்னும் பெயரில் அரசின் பெருவருவாய்களுள் ஒன்றாயிற்று. சென்னை மாகாணத்தில் 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டம் நடைமுறையில் இருந்தது. மரத்திற்கு வரியும் கடைக்கு ஏலமும் என இவ்வருவாய் திரட்டப்பட்டது. மலபார் மாவட்டமும் கோயம்புத்தூர் மாவட்டமும் இம்மாகாணத்தைச் சார்ந்தவை. சித்தூரோ கொச்சி அரசின் பகுதி. மாகாண நிலங்களால் சூழப்பட்டுத் தனித்து நின்றது. கொச்சி அரசு கொல்லம் ஆண்டு 1077இல், அதாவது 1902இல், தனக்கெனத் தனி ஆப்காரிச் சட்டம் இயற்றியது.

மதுவிலக்கு இயக்கம் இவ்விரு மரபுகளையும் மேலும் விலக்கியது. 1921இல் ஈரோட்டில் நடைபெற்ற கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர். பெரியார் தம் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். கேரளத்தில் நாராயண குரு, கள் இறக்குதலை மரபுத் தொழிலாகக் கொண்டிருந்த ஈழவரிடையே அத்தொழிலையே கைவிடுமாறு அறிவுறுத்தினார். 1937இல் இராஜாஜி அரசு மதுவிலக்குச் சட்டத்தை இயற்றிச் சேலம் மாவட்டத்தில் முதன்முதல் நடைமுறைப்படுத்தியது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுமைக்கும் விரிந்தது.

1956 நவம்பர் 1இல் கேரள மாநிலம் உருவானபோது, மலபாரில் சென்னையின் மதுவிலக்குச் சட்டமும் கொச்சிப் பகுதியில் ஆப்காரிச் சட்டமும் நிலவின. 1967இல் கேரள அரசு கொச்சியின் பழஞ்சட்டத்தையே மாநிலம் முழுமைக்கும் விரித்தது. அச்சட்டமே திருத்தங்களுடன் இன்றும் தொடர்கின்றது. சிறு அரசொன்றின் சட்டம், பேரளவு மாகாணத்தின் சட்டத்தை மலபாரில் பதிலீடு செய்தமை ஆட்சி வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வாகும்.

பிரிந்த பாதைகள்

தமிழகத்தில் 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. பின்னர் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 1981இல் கள்ளும் சாராயமும் திரும்பின. 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்டது. 1987 முதல் கள் தடைசெய்யப்பட்டது. 2003இல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கின் தனியுரிமையாயிற்று. விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியன அரசுக் கடையில் விற்பனையாகும்போது, தோட்டத்துக் கள் மட்டும் குற்றப்பொருளாக நிற்கும் முரண் இங்ஙனம் தோன்றியது. கள்ளுக்கு இசைவு கோரும் உழவர் இயக்கங்களின் முதன்மை வாதம் இதுவே. 2017இல் புளிக்காத நீராவுக்கு மட்டும் இசைவு வழங்கப்பட்டது.

கேரளத்தில் கள் நீடித்தது. 1969இல் கள் தொழிலாளர் நலநிதிச் சட்டம் இயற்றப்பட்டுத் தொழிலாளர்க்குச் சமூகப் பாதுகாப்பு கிட்டியது. 1996 ஏப்ரல் 1 முதல் ஏ. கே. அந்தோணி அரசு சாராயத்தைத் தடைசெய்தபோதும் கள் விலக்கப்படவில்லை. சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளில் இறக்கப்படும் கள், கலால் துறையின் இசைவுச் சீட்டுடன் பிற மாவட்டக் கடைகளுக்கும் வண்டிகளில் செல்கின்றது. பாளையைத் தட்டிப் பதப்படுத்தி நாள்தோறும் சீவுதல் தேர்ந்த கைத்திறன் வேண்டும் பணியாகும். வடியும் இனிய நீர் காற்றிலுள்ள நுண்ணுயிரிகளால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகின்றது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அப்புளிப்பு தடைப்படும்.

மாலைக் கோப்பையின் விலை

மாலைக் குடியில் வகுப்பு வேறுபாடும் உண்டு. குடியேற்றக் காலத்தில் மலைத்தோட்டங்களை ஆண்ட ஐரோப்பியர்க்கு மன்றங்களில் விஸ்கி. தோட்டத்தில் உழைத்தவர்க்குக் கள், சாராயம். இன்று இந்தியாவில் விஸ்கி எனப் பெருமளவில் விற்பனையாவது கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயத்தை அடிப்படையாகக் கொண்டதே. ஆகவே பெயர் உயர்ந்ததாயினும் மூலப்பொருள் வேறாகும்.

மலிவான மதுவை நாடிய ஏழைகளே உயிர்விலை கொடுத்துள்ளனர். 2010இல் மலப்புறம் மாவட்டத்தில் நச்சு கலந்த கள்ளால் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2020 அக்டோபரில் பாலக்காடு மாவட்டத்து வாளையாறு அருகே பழங்குடிக் குடியிருப்பில் ஐவர் மடிந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மெத்தனால் உடலினுள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைத்து உயிரையும் பறிக்கின்றது. கள் இசைவு பெற்ற மாநிலத்திலும் தடைசெய்யப்பட்ட மாநிலத்திலும் இவ்வழிவு நிகழ்ந்துள்ளமையின், இசைவோ தடையோ தனித்து நின்று ஏழையைக் காக்கவில்லை என்பது பெறப்படும்.

முடிவுரை

முதலமடை எல்லையில் காணும் வேறுபாடு மண்ணாலோ மரத்தாலோ மக்கள் பண்பாட்டாலோ விளைந்ததன்று. 1902இன் கொச்சிச் சட்டமும் 1937இன் சென்னைச் சட்டமும் வகுத்த இருவேறு வழிகளின் விளைவே அதுவாகும். முன்னது மதுவை ஒழுங்குபடுத்த முனைந்தது; பின்னது ஒழிக்க முனைந்து, ஈற்றில் அரசையே வணிகராக்கியது. கள்ளை உணவென்போரும் நஞ்சென்போரும் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாதத்தில் மரமேறுவோரின் பிழைப்பும், கூலியின் ஒரு பகுதி கடையில் கழிவதால் வாடும் குடும்பத்தின் நிலையும் ஒருங்கே எண்ணப்பட வேண்டும். இவற்றுள் ஒன்றை மட்டும் கண்ட கொள்கை எதுவும் நிலைத்ததில்லை என்பதே இவ்வட்டார வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.